பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல

அந்தப் பையில இருக்கறது மைக்குங்களா தம்பி? இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன். மேல வெக்கறப்பப் பையோட ஜிப்பு தொறந்திருந்துச்சு, பஞ்சு வெச்ச மூக்கு எட்டிப் பாத்துச்சு. முப்பது வருசமா மைக்குப் பிடிச்ச கை இது. கண்ணைக் கட்டிக் கையில குடுத்தாலும் என்ன மைக்குன்னு சொல்லிருவேன். சித்தே தள்ளி ஒக்காருங்க. அங்க வேண்டாம், இக்கட்ட வாங்க, இந்தக் காதுப் பக்கம். அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் ஜாஸ்தி.

வேலங்காட்டுவலசுக்குத்தான போறீங்க? தெரியும். பங்குனி நோம்பி அன்னைக்கு இந்த பஸ்ல ஏறுற வெளியூர் ஆளுக அத்தனை பேரும் நாச்சிமுத்து, பூவாத்தா பாட்டுக் கேக்கத்தான் வருவாங்க. நோம்பின்னா திருவிழாங்க, எங்க பக்கத்துப் பேச்சு. என்ர பேரு சென்னியப்பன். சென்னியப்பன் ரேடியோஸ்னு ஊருக்குள்ள நொழஞ்சதும் போர்டு இருக்கும். ரேடியோ விக்கறதில்லீங்க, மைக் செட்டு. அதைத்தான் நாங்க ரேடியோ செட்டும்போம். காத்தால ஒரு ஒயர் வாங்க டவுனுக்கு வந்தேன், இப்பத்தான் திரும்பறேன்.

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அந்தப் பையை அங்க வந்து தொறந்துராதீங்க. தொறந்தா ஊரே எந்திரிச்சு நிக்கும். அடிக்க மாட்டாங்க, நல்ல சனம். எந்திரிச்சு நின்னு கம்முனு பாப்பாங்க, அவ்வளவுதான். என்னை அப்படித்தான் பாத்தாங்க. அதுக்கு ரெண்டு போட்டிருக்கலாம்.

ஏன்னு கேட்டீங்கதான? ஒதடு அசைஞ்சுது. சொல்றேன். எறங்க இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. எனக்கு அதுக்கப்புறமும் டிக்கெட் இருக்குது. கண்டக்டர் என்னமோ கேட்டாரு, ஆமாங்கன்னேன், கடைசி ஸ்டாப்பிங்குக்குக் கிழிச்சுட்டாரு. இப்ப வர்ற கண்டக்டருக யாரும் வாயைத் தொறந்து பேசறதில்லை.

நாச்சிமுத்து உடுக்கை அடிப்பாரு, பூவாத்தா தாளம் போட்டுப் பாடும். அவரும் கூடப் பாடுவாரு, ஆனா அடியில ஓடற தண்ணி மாதிரி, தனியாத் தெரியாது. ரெண்டு பேர்தான். ஆர்மோனியம் கெடையாது, மைக்குக் கெடையாது. மைக்கு வெச்சா பாட மாட்டோம்னு வெத்தலை பாக்கு வாங்கறப்பவே சொல்லிருவாங்க. எந்த ஊரா இருந்தாலும் அதே பேச்சுத்தான். எனக்கு இதுல கோபமில்லை. நோம்பி மூணு நாளும் நம்ம செட்டுத்தான் ஓடுது, அவங்க பாடற ஒரு பொழுதுதான் ஸ்பீக்கர் குழாயை அமத்தோணும். அமத்தீட்டு நானும் போய் மொத ஆளா முன்னால ஒக்காந்துக்குவேன். ரேடியோ செட்டுக்காரன் மைக்கு இல்லாத பாட்டுக்கு இப்படி உசுரை உடறானேன்னு ஊர்ல சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க.

நான் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். எங்க ஊரு தறிக்கார ஊரு தம்பி. எந்தச் சந்துல நின்னாலும் டக்கடக்க டக்கடக்கன்னு சத்தம், பொறந்த கொழந்தை அதுலதான் தூங்கும். தறி நின்னா எந்திரிச்சு அழுகும். அந்த ஊர்ல, அவங்க பாடற நேரத்துக்கு அத்தனை தறியும் நிக்கும். யாரும் சொல்றதில்லை. கோயில் மணி நாக்குல துணியைச் சுத்திருவாங்க. மாட்டுக் கழுத்து மணியைக் கழட்டிருவாங்க, கொழந்தைக கொலுசைக் கழட்டி மடியில முடிஞ்சுக்குவாங்க. இருமல் இருக்கறவங்களுக்கு வேப்பமரத்துக்கு அக்கட்ட எடம். நாய்களுக்கு மத்தியானமே வயிறு முட்டத் தயிர்ச்சோறு போட்டுத் தூங்க வெச்சிருவாங்க. டீக்கடைக்காரர் கிளாசு கழுவ மாட்டாரு. அப்படி ஒரு அமைதியில ஆயிரம் பேர் ஒக்காந்திருப்போம். அந்தம்மா தாளத்தைத் தட்டறதுக்கு முந்தி ஒரு மூச்சு இழுக்கும் பாருங்க, அது கடைசி வரிசைக்குக் கேக்கும்.

என்னென்னமோ பாடுவாங்க. எனக்கு ஒண்ணுதான். கன்னுக்குட்டிப் பாட்டு. ஒருத்தி, கன்னுக்குட்டியைத் தொலைச்சுட்டு, வழியில பாக்கறவங்களை எல்லாம் கேட்டுட்டே போறா. செக்கோட்டறவனைக் கேக்கறா, துணி தொவைக்கறவளைக் கேக்கறா, யாரும் பாக்கலை. கடைசியில ஆளில்லாத காட்டுல நின்னு, வான்னு கூப்பிடறா. ஒரே எழுத்து. பூவாத்தா அதை இழுக்கும். மேல போயி, அங்க சித்தே நின்னு, அப்புறம் மெதுவா எறங்கும். அது எறங்கறதுக்குள்ள எனக்கு எங்கம்மா செத்தது, கூட்டாளி செத்தது, எல்லாம் வந்து போயிரும். வெக்கப்படாமச் சொல்றேன் தம்பி, வருசம் பூராவும் நான் அந்த வாவைக் கேக்கறதுக்குத்தான் உசுரோட இருந்தேன்.

இன்னொண்ணும் சனத்துக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பாட்டு முடிஞ்சதும் அடுத்த பாட்டு எடுக்கறதுக்கு முந்தி, ரெண்டு பேரும் தலையைத் தலை ஒட்டி வெச்சு என்னமோ குசுகுசுன்னு பேசிக்குவாங்க. என்னன்னு யாருக்கும் கேக்காது. அடுத்த பாட்டு என்னன்னு பேசிக்கறாங்கன்னு ஆம்பளைக சொல்லுவாங்க. அதுக்கு எதுக்கு அத்தனை நேரம்னு பொம்பளைக சிரிப்பாங்க. புருசம் பொண்டாட்டின்னா அப்படி இருக்கோணும்னு புதுசாக் கல்யாணமானவங்களைக் கூட்டீட்டு வந்து முன்னால ஒக்கார வெப்பாங்க. அவங்க கால்ல உழுந்து கும்பிட்டுட்டுப் போற ஜோடிக எத்தனையோ. பாட்டு முடிஞ்சா கை தட்டறதில்லை எங்க ஊர்ல. தட்டினா அவங்க தலையைத் தூக்கிருவாங்களேன்னு தட்டறதில்லை.

இப்படி நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்புறம் அந்தம்மா குரல் எறங்க ஆரம்பிச்சுது.

ஒரே நாள்ல இல்லை. ஒரு வருசம் அந்த மூச்சுக் கேக்கலை. அடுத்த வருசம் தாளம் கேக்கலை, உடுக்கை மட்டும் கேட்டுச்சு. அதுக்கடுத்த வருசம் கன்னுக்குட்டிப் பாட்டுல அந்தம்மா வாயைத் தொறந்து நிக்குது, கழுத்து நரம்பு பொடைக்குது, ஆனா அந்த வாவை அப்படியே முழுங்கிருச்சு. பக்கத்துல இருந்தவங்களைப் பாத்தேன். அழுதுட்டு இருக்காங்க. முடிஞ்சப்புறம் குப்பண்ணனைக் கேட்டேன். குப்பண்ணன்தான் ஊர்ல பெரிய தறிப்பட்டறைக்காரர், நோம்பிக்கு முன்ன நிக்கறவரு. என்னண்ணா, அந்தம்மா குரல் போச்சேன்னேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, முந்திக்கு இப்ப இன்னும் கனமாயிருக்குதுன்னாரு. ரசிகருக தம்பி. உண்மையைச் சொல்ல மாட்டாங்க. நான் அப்படியில்லை, போச்சுன்னா போச்சும்பேன்.

காலமே அப்படி ஆயிப்போச்சு. என்ர ஊட்டுக்காரி ருக்குமணி, அடுத்த தெருவுக்குக் கேக்கற மாதிரி பேசுனவ, இப்ப வாய்க்குள்ளயே பேசறா. கேட்டா மொகத்துக்கு நேரா வந்து மறுபடியும் சொல்றா. போன் எத்தனை மாத்தினாலும் மணிச்சத்தம் கம்மி. குருவிகளைக் காணோம்.

சரி, குரல் எறங்கிப் போச்சு. அவங்களும் மைக்கு வேண்டாங்கறாங்க. அப்ப யாராச்சும் ஒருத்தர் பொறுப்பா எதையாச்சும் செய்யோணுமில்ல? அஞ்சு வருசத்துக்கு முந்தி நான் செஞ்சேன்.

சின்ன மைக்கு, சுண்டுவெரல் தண்டி. விளக்குக்கு முன்னால வெக்கற செவந்திப் பூக்கூடைக்குள்ள வெச்சு, ஒயரைப் பாய்க்கு அடியில ஓட்டி, தண்ணித் தொட்டி மேல இருக்கற ஒரே ஒரு குழாய்க்குக் குடுத்தேன். ஆம்ப்ளிபயரை வெச்சுட்டு நான் தொட்டிக்குக் கீழ ஒக்காந்துட்டேன். அந்த வருசம் முன்னால ஒக்காரலை. தியாகம்தான். என்ன திட்டம்னா, குமிழைத் திருகறது தெரியாமத் திருகோணும். சோத்துல உப்புப் போடற மாதிரி. குரலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தாப்புல இருக்கோணும், செட்டு ஓடறது தெரியக் கூடாது. மொத பாட்டு முழுக்க அப்படித்தான் போச்சு. ஒருத்தர் திரும்பிப் பாக்கலை. எனக்கே கேக்கலைன்னா பாத்துக்கங்க, அவ்வளவு நைசா வெச்சிருந்தேன்.

பாட்டு முடிஞ்சுது. குழாய்ல கொஞ்சம் கரகரன்னுட்டு இருந்ததும் நின்னு போச்சு. லைன் போயிருச்சுன்னு நெனச்சேன். அடுத்தது கன்னுக்குட்டிப் பாட்டாச்சேன்னு குமிழை முழுசாத் திருகிட்டேன்.

குழாய் பேசுச்சு தம்பி. ஊருக்கே பேசுச்சு, மொதல்ல அந்தம்மா குரல்ல.

"வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு வளைகாப்பு. வந்தா பந்தியில ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போ. சபையில எம் பக்கத்துல வந்து நிக்காத."

"நான் அவளுக்கு அப்பன்."

"அப்பன்தான். பத்து வருசமா எந்த ஊட்டுல இருக்கற?"

அப்புறம் அவரு, அங்க வந்தா எங்கூடப் பேசுவியான்னு கேட்டாரு.

"மாட்டேன். பேசறதெல்லாம் இங்கதான், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல. அதுக்கு மேல எனக்குத் தெம்பில்லை. கன்னுக்குட்டியை எடு. இன்னைக்கு அந்தத் தொடைதட்டி முன்னால இல்லை, நிம்மதியாப் பாடலாம்."

தொடைதட்டின்னது என்னையத்தான். நான் முன்னால ஒக்காந்து தொடையில தாளம் போடுவேன். அத்தனை கூட்டத்துல நான் இல்லாததைக் கவனிச்சிருக்காங்க பாருங்க.

சனத்துக்கு அது தோணலை. புருசம் பொண்டாட்டி பிரிஞ்சு பத்து வருசமாச்சுங்கறதுதான் எல்லாருக்கும் பெருசாப் போச்சு. யோசிச்சுப் பாத்தா முன்னாலயே தெரிஞ்சிருக்கோணும். அந்தம்மா பஸ்ல வந்து கோயில்ல ஒக்காந்திருக்கும், அவரு மொபெட்ல பின்னால வந்து சேருவாரு. வருசா வருசம் பாக்கறோம், ஏன்னு ஒருத்தரும் யோசிக்கலை. என்ன காரணத்துக்குப் பிரிஞ்சாங்களோ, அது குழாய்ல வரலை.

அந்தம்மா தண்ணித் தொட்டியை அண்ணாந்து பாத்துச்சு. தாளத்தை எடுத்து முந்தானையில தொடைச்சுப் பையில வெச்சுது. அழுகலை, திட்டலை. அவரு பாட்டுக்கு உடுக்கைக் கயித்தைத் தளத்திவுட்டாரு. அந்தம்மா பஸ் ரோட்டுப் பக்கம் போச்சு, அவரு மொபெட்டைத் தள்ளிட்டு, வேலிக்கு நடுவுல போற இட்டேரிப் பக்கம் போனாரு. குப்பண்ணன் ஒயரைப் பிடிச்சுட்டே நடந்து வந்து என்ர முன்னால நின்னாரு. அப்பத்தான் ஊரே எந்திரிச்சுப் பாத்துச்சு.

ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்டாங்க. நியாயத்தைச் சொன்னேன். மேடையில பேசுனது சபைக்குத்தானுங்க? நான் ஒரு வார்த்தை சேத்தலை, ஒரு வார்த்தை கொறைக்கலை. செட்டு சுத்தமா வேலை செஞ்சுது, இரைச்சல் இல்லை, விசில் இல்லை. அந்தத் தொழில் சுத்தத்தைப் பத்தி ஒருத்தர் வாயைத் தொறக்கலை. பொம்பளைகதான் ரொம்பக் கோபம். நாங்க அவங்க பேச்சைக் கேக்காம இருந்தோமே, அது கேக்க முடியாமன்னு நெனச்சியான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. அது என்ன கேள்வின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

அதுக்கப்புறம் அவங்க பாடறதையே உட்டுட்டாங்க. எங்க ஊருக்கு மட்டுமில்லை, எந்த ஊருக்கும் வரலை.

அடுத்த வருச நோம்பியைச் சொல்றேன் கேளுங்க. பொழுது உழுந்துச்சு. தறி நின்னுது. யாரும் சொல்லலை, அதுவா நின்னுது. கோயில் மணிக்குத் துணி சுத்துனாங்க, கொலுசைக் கழட்டுனாங்க, நாய்க முன்னாலயே தூங்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் பாயைக் கொண்டாந்து விரிச்சு, வெறும் மேடையைப் பாத்து ஒக்காந்தாங்க. விளக்கு மட்டும் எரியுது. பாடறதுக்கு ஆளில்லை. பாடற நேரம் முழுக்க அப்படியே ஒக்காந்திருந்தாங்க தம்பி, ஆயிரம் பேர். வேணும்னா ஒரு பழைய பாட்டுப் போடட்டுமான்னு கேட்டேன். குப்பண்ணன் என்ர தோள்ல கையை வெச்சு ஒக்கார வெச்சுட்டாரு.

உண்மையைச் சொன்னா, சத்தத்துல எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியலை. முந்தின வருசம் கேட்ட அளவுதான் அன்னைக்கும் கேட்டுச்சு. ஆனா அந்தம்மா வாயைத் தொறக்கறதைப் பாக்க முடியலையேன்னு அழுகை வந்துருச்சு. ருக்குமணி என்ர கையைப் பிடிச்சுட்டு இருந்தா.

அடுத்த நாளே குப்பண்ணன் அந்தம்மா ஊட்டுக்குக் கெளம்பிட்டாரு. என்னைக் கூட்டீட்டுப் போக அவருக்கு இஷ்டமில்லை. ருக்குமணிதான் நாங்களும் வர்றோம்னு வண்டியில ஏறிட்டா. மன்னிப்புக் கேக்க வெக்கப் போறாளாட்டிருக்குதுன்னு நெனச்சேன், கேக்கறதில்லைன்னு முடிவு பண்ணீட்டுத்தான் போனேன். யாரும் கேக்கச் சொல்லலை.

அங்க பேசுனதைக் குப்பண்ணன் பலதடவை சொல்லியிருக்காரு, அதனால எனக்கு மனப்பாடம். அந்தம்மா ஒக்காரச் சொல்லுச்சாம், மோர் குடுத்துச்சாம். அப்புறம் சொல்லுச்சாம்.

"ஊரெல்லாம் கேட்டாச்சு. இனி அங்க ஒக்காந்து நான் அவருகிட்ட என்னன்னு பேசறது? பேசாம வெறும் பாட்டை மட்டும் பாடிட்டு வர என்னால ஆகாதுங்க."

குப்பண்ணன் மோரைக் கீழ வெச்சுட்டு, "நீங்க பாடறப்ப தறியை நிறுத்தறோம், நீங்க பேசறப்ப தறியை ஓட்டறோம்" னாரு.

அப்ப ருக்குமணி எந்திரிச்சுப் போயி அந்தம்மா காதுல என்னமோ சொன்னா. நான் வாசல்ல நின்னுட்டு இருந்தேன், எனக்குக் கேக்கலை. ரகசியம் பேசறவங்க பக்கத்துல போய் நிக்கற பழக்கம் எனக்கில்லை. அந்தம்மா நிமுந்து என்னைப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. என்ர ரெண்டு காதையும் பாத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம், அடுத்த நோம்பிக்கு வர்றோம், அந்தத் தொடைதட்டியை மேடையில எங்க பக்கத்துலயே ஒக்கார வெச்சிருங்கன்னு சொல்லிருச்சாம். அப்புறம் குப்பண்ணன் நாச்சிமுத்து ஊட்டுக்கும் தனியாப் போய்ச் சொல்லிட்டு வந்தாரு.

பாத்தீங்களா? கண்காணிப்பு. மறுபடி மைக்கு வெச்சிருவேன்னு பயம். ஆயிரம் பேர் முன்னால என்னைக் குத்தவாளி மாதிரி மேடையில ஒக்கார வெக்கறாங்க. மூணு வருசமா இதே தண்டனைதான். இன்னைக்கும் அதுக்குத்தான் போயிட்டு இருக்கேன்.

நீங்க இன்னைக்குப் பாப்பீங்க. பாட்டு ஓடறப்ப ஊசி உழுந்தா கேக்கும். பாட்டு முடியும், ரெண்டு தலையும் ஒண்ணு சேரும். ஒடனே மேடைக்குப் பின்னால குப்பண்ணன் செவப்புத் துண்டைத் தூக்குவாரு. பட்டறையில ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் கைப்பிடியைப் பிடிச்சுட்டுத் தயாரா நிப்பாங்க. டக்கடக்க டக்கடக்கன்னு ஊர் அதிரும். தலை ரெண்டும் பிரிஞ்சதும் துண்டு எறங்கும், தறி நிக்கும். வெளியூர்க்காரங்க பயந்து போயி எந்திரிப்பாங்க. நீங்க எந்திரிக்காதீங்க.

இதுல இன்னொரு கூத்து. ஓரத்துத் தறியில அந்த நேரத்துல மட்டும் ஓடுன துணியைக் குப்பண்ணன் தனியா அறுத்து எடுத்துருவாரு. எல்லாம் முடிஞ்சு அவங்க கெளம்புனதும் அதைப் பிரிச்சுக் காட்டுவாரு, ஊரே சுத்தி நிக்கும். திரும்பி வந்த மொத வருசம் ஒரு கைக்குட்டை தண்டிதான் வந்துச்சு. அதுக்கே பொம்பளைக கண்ணைத் தொடைச்சுட்டாங்க. அடுத்த வருசம் ஒரு கொழந்தைச் சட்டைக்கு ஆச்சு, அவங்க பொண்ணு பாப்பா பையனுக்குத் தெச்சுக் குடுத்தாங்க. போன வருசம் தோள்ல போடற மாதிரி முழுசா ஒரு துண்டு, அதுக்கு மேல மிச்சமும். துணி நீள நீளப் பாட்டுக் கொறையுமில்லீங்க? முந்தி எட்டுப் பாட்டுப் பாடுனவங்க இப்ப அஞ்சு பாடறாங்க. பாட்டுக் கேக்க வந்த சனம், பாட்டுக் கொறைஞ்சு போச்சுன்னு சந்தோசப்படுது. ரசிகருகளைப் பத்தி நான் சொன்னேனே.

எனக்கு அந்த மேடையில பாய்கூடத் தனியா இல்லை. நாச்சிமுத்து பக்கத்துல, முட்டிக்கு முட்டி இடிக்க ஒக்காரோணும். அந்த மனுசன் அத்தனை நாள் நான் தொடை தட்டுனதுக்குப் பழி வாங்கறாரு தம்பி. உடுக்கையை மடியில வெச்சு ஒரு கையில அடிச்சுட்டு, இன்னொரு கையைக் கயித்துல இருந்து எடுத்து அப்பப்ப என்ர தொடையில தட்டறாரு. அந்தம்மா பாடப் பாட, அதே அளவுக்கு. மேல போனா அழுத்தித் தட்டுவாரு, எறங்கினா தடவிவுடுவாரு. மொத தடவை எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் கன்னுக்குட்டிப் பாட்டு வந்துச்சு. அந்தம்மா என்னைப் பாத்துத் திரும்பி, வாயைத் தொறந்துச்சு. அவரு கையை என்ர தொடை மேல வெச்சு அழுத்தினாரு. எடுக்கலை. அப்படியே அழுத்தி, நிறுத்தி, அப்புறம் மெதுவா, மெதுவா, மெதுவா உட்டாரு.

வா வந்துருச்சு தம்பி. பழைய வா. முழுசா. எங்கம்மாவெல்லாம் வந்துட்டுப் போனா.

அதனால சொல்றேன், அந்தம்மா குரல் இப்பச் சரியாயிருச்சு. நான் பக்கத்துல ஒக்காந்தப்புறம்தான் சரியாச்சு. இதையும் ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க.

என்னங்க? அவங்க என்ன பேசிக்கறாங்கன்னா? எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. ஒரு சாண் தள்ளி ஒக்காந்திருக்கறவன் நான். தறிச்சத்தம் மத்தவங்களுக்குத்தான், எனக்கு அதெல்லாம் ஒரு எடைஞ்சலே இல்லை. அவங்களும் என்னைப் பாத்துக் குரலைக் கொறைக்கறதில்லை, நான் ஒருத்தன் ஒக்காந்திருக்கறதே தெரியாத மாதிரி பேசிக்கறாங்க. அப்படி ஒரு நம்பிக்கை என்ர மேல. சிரிக்கறாங்க, சண்டை போடறாங்க, ஒரு நா அவரு அழுதாரு. எல்லாம் நடக்குது. ஒண்ணும் வெளிய வராது. நான் என்ன குழாயா?

போன வருசம் ஒண்ணு நடந்துச்சு, அதை மட்டும் சொல்றேன். கடைசிப் பாட்டுக்கு முந்தி. தறி ஓடிட்டு இருக்குது. அவரு உடுக்கையைப் பாத்துட்டு இருக்காரு. அந்தம்மா அவரைத் தாண்டி என்ர பக்கம் குனிஞ்சு, என்ர மொகத்தைப் பாத்து, ஒண்ணு கேட்டுச்சு. கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு. ஆயிரம் பேர் ஊர்ல இருக்க, என்னைத்தான் கேட்டுச்சு. நான் எப்பவும் போல ஆமாங்கன்னு தலையாட்டினேன். நம்மளை மதிச்சுக் கேக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை. அந்தம்மா நிமுந்து ஒக்காந்துச்சு. அவரு உடுக்கையைக் கீழ வெச்சுட்டு மொகத்தைத் துண்டுல பொத்திக்கிட்டாரு. புழுக்கமாட்டிருக்குது. குப்பண்ணன் செவப்புத் துண்டை எறக்கவே இல்லை, தறி ஓடுது, ஓடுது, ஓடிட்டே இருக்குது. அந்த மிச்சத் துணி அப்ப வந்ததுதான்.

என்ன கேட்டுச்சுன்னு ருக்குமணி கேட்டா. சொல்லலை. குப்பண்ணன் கேட்டாரு. சொல்லலை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த வருசம் ரெண்டு பேரும் ஒரே மொபெட்ல வர்றாங்களாம், காத்தால ருக்குமணி மொகத்துக்கு நேரா வந்து சொன்னா. பஸ் டிக்கெட் ஏத்திட்டாங்கல்ல, அதுக்காக இருக்கும். குப்பண்ணன் வேற என்ர காதுகிட்ட வந்து, இந்த வருசம் கைக்குட்டைக்குக் கூடத் துணி வராதாட்டிருக்குதுன்னு சொல்லிச் சிரிக்கறாரு. எட்டுப் பாட்டும் கேக்கலாமாம். பட்டறை ஆளுகளும் சிரிக்கறாங்க. தறிக்காரங்களுக்குத் துணி வராட்டி வெசனம் வரும்னுதான் நான் இத்தனை நாள் நெனச்சிருந்தேன்.

அந்தா, தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க, அதும் மேல இருக்கறது நம்ம குழாய்தான். பையை இறுக்கிக் கட்டிக்கங்க. சத்தம் கேக்குதுங்களா, தறி ஓடிட்டு இருக்குதா, நின்னுருச்சா?

ஆமாங்க. ஆமாங்க. வாங்க, எறங்கலாம்.